நாற்காலி காலியான பின்பும் நடக்கும் பணி

ஹைதராபாத் நகரின் கிழக்குப் பகுதியில், தார்நாக்காவிலிருந்து உப்பல் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்திருப்பது ஹப்சிகுடா. நிஜாம் ஆட்சிக் காலத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான ஹப்சி வீரர்கள் இப்பகுதியில் வாழ்ந்ததால் இப்பெயர் ஏற்பட்டது என்பர். இன்று மேலே மெட்ரோ ரயில் ஓட, கீழே கடைகளும் உணவகங்களும் நெருங்கி நிற்கும் பரபரப்பான சாலை அது. அச்சாலையில் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று தேசிய ஆய்வகங்கள் உள்ளன. தார்நாக்காவில் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனமான ஐ.ஐ.சி.டி.; ஹப்சிகுடாவில் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.; அதனை அடுத்துத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமான என்.ஜி.ஆர்.ஐ. கடைசியாகக் கூறிய நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு மெட்ரோ நிலையமும் உண்டு.

தலைமைப் பண்பு பற்றிய இக்கட்டுரையை ஓர் ஆய்வகச் சாலையில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. நம் வாசகர்களுள் கடை நடத்துவோர், சிறுதொழில் செய்வோர், அலுவலகத்தில் பத்துப் பேருக்குப் பொறுப்பானோர், குடும்பத்தின் வரவு செலவைத் தனியே தாங்குவோர் எனப் பலர் உள்ளனர். இவர்கள் அனைவரும் தத்தம் அளவில் தலைவர்களே. இவர்களில் பலருக்கும் பொதுவான ஓர் இடர் இருக்கிறது.

கடைவீதியை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. முப்பது ஆண்டுகள் கடையைத் திறம்பட நடத்திய முதலாளி, ஒரு நாள் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். யாருக்கு எவ்வளவு கடனுக்குச் சரக்கு கொடுத்தார், எந்த மொத்த வியாபாரிக்கு எந்தத் தேதியில் பணம் கட்ட வேண்டும், எந்தக் காசோலை வங்கிக்கு வரவிருக்கிறது என்பன மகனுக்குத் தெரியா. கணக்குப்பிள்ளைக்குப் பாதிதான் தெரியும். சில வாரங்களுக்குள் சரக்கு வரத்து நின்று, வரவேண்டிய பணமும் வராமல் கடை தள்ளாடத் தொடங்குகிறது. முதலாளி கடும் உழைப்பாளி, நேர்மையானவர், வாடிக்கையாளர்களால் மதிக்கப்பட்டவர். குறை ஒன்றே ஒன்றுதான்: கடை முழுவதும் அவருடைய தலைக்குள் இருந்தது.

ஆகவே ஒரு கேள்வியை முன்வைத்து இச்சாலையில் நடப்போம். நாம் இல்லாத நாளில் நம் பணி என்ன ஆகும்? வெவ்வேறு துறைகளில் பழுத்த அனுபவம் பெற்ற சிலருடைய வாழ்க்கைப்பணி இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தருகிறது.

கட்டடத்துக்கு முன் ஆட்கள்

முதலில் சி.சி.எம்.பி.யை எழுப்பிய புஷ்ப மித்ர பார்கவாவைக் காண்போம். 1928இல் அஜ்மீரில் பிறந்து, வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் உயிரியலுக்கு வந்தவர் அவர். 1977இல் தார்நாக்காவில் இருந்த வட்டார ஆய்வுக்கூடத்தின் உயிர்வேதியியல் பிரிவைக் கருவாகக் கொண்டு சி.சி.எம்.பி. தொடங்கப்பட்டது. அப்போது அதற்கெனத் தனி வளாகம் இல்லை. பிரதமர் ராஜீவ் காந்தி ஹப்சிகுடாவின் புதிய வளாகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தது 1987 நவம்பர் 26 அன்று. இடையில் கழிந்தவை பத்து ஆண்டுகள்.

கட்டடம் எழும் வரை பொறுத்து, அதன்பின் ஆட்களைத் தேடலாம் என்று பார்கவா காத்திருக்கவில்லை. இளம் ஆய்வாளர்களைத் திரட்டுவதும் ஆய்வைத் தொடங்குவதும் அதே பத்தாண்டுகளில் நடந்தன. விலையுயர்ந்த கருவிகளைப் பலரும் பயன்படுத்தும் பொது வசதிகளாக அமைப்பது அங்கு மரபாயிற்று. கருவி ஒருவரது உடைமையானால், அவர் விடுப்பில் செல்லும்போது அதுவும் விடுப்பில் செல்கிறது. பொதுவில் இருந்தால், எவர் வந்தாலும் சென்றாலும் அது இயங்குகிறது.

பார்கவா 1990இல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 2017 ஆகஸ்டில் மறைந்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் கோவிட் பெருந்தொற்று வந்தது. அவர் எதிர்பார்த்திராத அந்நோய்க்கான பரிசோதனைகளை, அவர் எழுப்பிய ஆய்வகம் 2020இல் செய்தது. வைரஸின் மரபணு வரிசையையும் ஆராய்ந்தது. நிறுவியவர் இல்லாதபோது, அவர் அறியாத ஒரு சிக்கலை அவர் நிறுவியது எதிர்கொண்டது. தலைமையின் வெற்றியை அளக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் அரிது.

ஒருவரது திறமை பொதுச்சொத்தாகும்போது

அதே வளாகத்தில் பணியாற்றிய லால்ஜி சிங்கின் அனுபவம் வேறு வகையானது. உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் 1947இல் பிறந்தவர் அவர். எடின்பரோவில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தபின், 1987இல் சி.சி.எம்.பி.யில் சேர்ந்தார். கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் டி.என்.ஏ.வை, ஆண் பெண் வேறுபாடு எவ்வாறு அமைகிறது என்பதை அறிவதற்காக அவர் ஆராய்ந்து வந்தார். அந்த ஆய்வில் கிடைத்த ஒரு டி.என்.ஏ. துண்டு, மனிதர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்தறியும் கருவியாகப் பயன்பட்டது. டி.என்.ஏ. ரேகைப்பதிவு என்று நாம் அறியும் முறை இந்தியாவில் இவ்வாறு வளர்ந்தது.

விரைவில் அம்முறை நீதிமன்றத்தின் படியேறியது. கேரளத்தின் தலைச்சேரி நீதிமன்றத்தில் ஒரு குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கில் அது சான்றாக ஏற்கப்பட்டது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்ட பின், புலனாய்வுக்கு உதவியாக ஹைதராபாத்தில் டி.என்.ஏ. பரிசோதனைகள் செய்யப்பட்டன. ஒரு குழந்தையின் எதிர்காலமும் ஒரு நாட்டின் பெருவழக்கும் ஓர் ஆய்வாளர் குழுவின் கையில் இருந்தன.

புகழ் சேரும் இந்த இடத்தில்தான் பலரும் தவறுகின்றனர். தம்மையன்றி எவராலும் ஆகாது என்ற நிலை இன்பம் தரக்கூடியது. ஆனால் நாடு முழுவதிலிருந்தும் வழக்குகள் வரும்போது ஒருவரது கை எத்தனைக்கு ஈடுகொடுக்கும்? 1990களில் இப்பணிக்கெனவே டி.என்.ஏ. ரேகைப்பதிவு மற்றும் நோயறி மையம் தனியே உருவாயிற்று. லால்ஜி சிங் அதன் தொடக்கக் காலப் பொறுப்பை ஏற்று நடத்தினார். பின்னர் 1998 முதல் 2009 வரை சி.சி.எம்.பி.யின் இயக்குநராக விளங்கினார். அம்மையம் இன்று ஹப்சிகுடாவுக்கு அடுத்த உப்பலில் இயங்குகிறது. 2017 டிசம்பரில் அவர் மறைந்தார். அதனால் எந்த வழக்கும் பரிசோதனையின்றி நின்றுவிடவில்லை.

கைப்பக்குவமும் செய்முறையும்

தார்நாக்காவின் ஐ.ஐ.சி.டி. தருவது மூன்றாவது பாடம். 1944இல் ஹைதராபாத் சமஸ்தானத்தின் ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய அந்நிறுவனத்துக்கு 1985 முதல் 1995 வரை ஏ.வி. ராமராவ் தலைமை தாங்கினார். அக்காலத்தில் எய்ட்ஸ் நோய்க்கு ஜிடோவுடின் என்ற மருந்து வெளிநாட்டில் விற்பனையாகி வந்தது. அதன் விலை ஏழைகளால் எட்ட முடியாதது. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துகளைப் பொறுத்தவரை தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. ஆகவே அதே மருந்தை வேறொரு முறையில் தயாரிக்க வல்லவர்களுக்கு வழி திறந்திருந்தது. ராமராவின் குழு அத்தகைய முறை ஒன்றை உருவாக்க, சிப்லா நிறுவனம் 1993இல் அம்மருந்தை இந்தியச் சந்தையில் அறிமுகப்படுத்தியது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது, ஆய்வகத்தில் ஒரு முறை வெற்றி பெறுவதற்கும் தொழிற்சாலையில் நாள்தோறும் வெற்றி பெறுவதற்கும் உள்ள வேறுபாடு. நம் வீடுகளில் பாட்டியின் ரசத்துக்குக் கைப்பக்குவம் என்று பெயர். பாட்டி மறைந்தால் அச்சுவையும் மறைகிறது. வேதியியலாளர் தொழிற்சாலைக்கு அளிப்பது செய்முறை. எத்தனை பாகை வெப்பம், எவ்வளவு நேரம், எந்த அளவு, தவறு நேர்ந்தால் எங்கே நிறுத்துவது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவரை ஒருபோதும் கண்டிராத ஒருவர், இரவு முறையில் நின்று, அதே மருந்தை அதே தரத்தில் செய்துவிட முடியும்.

அந்த முதல் மருந்தும் பெரும்பாலான நோயாளிகளுக்கு எட்டாத விலையிலேயே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2001இல்தான் சிப்லாவின் தலைவர் யூசுப் ஹமீது, மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையைத் தொண்டு நிறுவனங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தர முன்வந்து உலகின் கவனத்தை ஈர்த்தார். அதுவரை பன்னாட்டுச் சந்தையில் அச்சிகிச்சைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆயிற்று. ஒருவர் எழுதி வைத்ததன் முழுப்பயன் பல ஆண்டுகள் கழித்து, பிறர் கைகளால் கிடைக்கலாம்.

பொறுப்புக்கு ஒரு பெயர்

என்.ஜி.ஆர்.ஐ.யில் பணியாற்றி, 1992 முதல் 2001 வரை அதன் இயக்குநராக இருந்தவர் ஹர்ஷ் குப்தா. நிலநடுக்கங்களை ஆராய்ந்த அவர், 1983 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட மூன்றாவது இந்திய அண்டார்டிகா பயணக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அங்கே இந்தியாவின் முதல் நிரந்தர ஆய்வு நிலையமான தட்சிண கங்கோத்ரியை ஒரே கோடைக்குள் கட்டி முடிக்க வேண்டும். அண்டார்டிகாவின் கோடையில் பணி செய்யக் கிடைப்பது சில வாரங்களே. அதன்பின் கடல் உறைந்துவிடும். கப்பல் திரும்பியே ஆகவேண்டும்.

கப்பல் திரும்பிய பின்னும் 12 பேர் அந்நிலையத்தில் தங்கி, அண்டார்டிகாவின் நீண்ட குளிர்காலத்தைக் கழித்தனர். கதவு சரியாக மூடாவிட்டாலும், மின்னாக்கி நின்றுவிட்டாலும் உடனே உதவிக்கு வர எவரும் இல்லை. தலைவர் திரும்பும் கப்பலில். கட்டியதில் வாழப்போவோர் பனியின் நடுவே. எனவே அங்கே ஒவ்வொரு வேலையின் தரத்தையும் முடிவு செய்தது, ஒப்படைத்துவிட்டுச் செல்லும் நாள். சில ஆண்டுகளில் அந்நிலையம் பனியில் புதைந்து, 1990இல் கைவிடப்பட்டது. ஆனால் குளிர்காலத்தைக் கடந்த அனுபவம் புதையவில்லை. அதன் துணையோடு இந்தியா மைத்ரி என்ற அடுத்த நிலையத்தை அமைத்தது.

ஹர்ஷ் குப்தாவின் பிற்காலப் பணி தமிழக வாசகர்களின் நெஞ்சைத் தொடுவது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணியளவில் சுமத்ரா அருகே பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் கருவிகள் நம் நாட்டில் இருந்தன, அறிஞர்களும் இருந்தனர். ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கென ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லை. நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நிற்பவருக்கு அச்செய்தியைச் சொல்வது இன்னாருடைய கடமை என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டனர்.

அப்போது கடல் வளர்ச்சித் துறையின் செயலாளராக இருந்த ஹர்ஷ் குப்தா, எச்சரிக்கை மையம் ஒன்றை உருவாக்கும் முயற்சிக்கு முன்னின்றார். அம்மையம் ஹைதராபாத்திலேயே, இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் அமைந்தது. 2007 அக்டோபரில் அது இயங்கத் தொடங்கியபோது அவர் அப்பதவியில் இல்லை. இன்று அங்கே இரவும் பகலும் பணிமுறையில் ஒருவர் விழித்திருக்கிறார். கடலடி அழுத்தமானிகளும் அலைமானிகளும் தரும் செய்தியைக் கண்டு, யாருக்கு, எந்த வரிசையில் அறிவிப்பது என்பது முன்பே வகுக்கப்பட்டுள்ளது. அறிவு இருப்பது மட்டும் போதாது; அதைச் செயலாக்கும் பொறுப்புக்கு ஒரு பெயரும் ஒரு நேரமும் வேண்டும்.

மதுரையிலிருந்து ஒரு துணைச்சான்று

இவையெல்லாம் அரசின் பணத்தில் நடந்த பெரிய நிறுவனங்கள், நம் போன்றோருக்கு எவ்வாறு பொருந்தும் என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை தேட ஹைதராபாத்திலிருந்து மதுரைக்கு வருவோம். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் தம்மைப் பழக்கிக்கொண்டு, தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தவர் அவர்.

ஆயினும் அவ்வளவு திறமை வாய்ந்த கைகளும் இரண்டே. கண்ணொளி இழந்தோரோ லட்சக்கணக்கானோர். எனவே அவர் கைகளைப் பெருக்கினார். கிராமத்து இளம்பெண்களுக்குப் பயிற்சி அளித்து, பரிசோதனையையும் சிகிச்சைக்கு முன்பின்னான பணிகளையும் அவர்களிடம் ஒப்படைத்தார். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்தார். ஏனையவற்றைப் பயிற்சி பெற்றோர் செய்தனர். 2006இல் அவர் மறைந்த பின்பும் அரவிந்த் வளர்ந்துகொண்டே இருப்பதற்கு இதுவே அடிப்படை. தொடங்கியபோது அதுவும் ஒரு சிறுதொழிலின் அளவே.

நம் கடைக்கும் வீட்டுக்கும்

இப்போது கடைவீதிக்குத் திரும்புவோம். பிறருக்குக் கற்பிக்க நாம் தயங்குவதற்கு உண்மையான காரணம் உண்டு. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால், நாளை அவரே எதிரில் ஒரு கடை வைத்துவிடுவாரோ என்ற அச்சம் அது. அவ்வாறு நடப்பதும் உண்டு என்பதை மறுக்க இயலாது. அதற்குரிய காப்பு, பகுதி பகுதியாக ஒப்படைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வகுத்து, கணக்குக் கேட்பது. மறைத்து வைப்பதால் வரும் இழப்பு, நாம் படுக்கையில் விழும் நாளில் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

முதலாவதாக, எழுதி வைப்போம். கடன் கொடுத்தவை, வாங்கியவை, மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணைகள், காப்பீட்டுப் பத்திரங்கள், ஒவ்வொரு முக்கியப் பணியின் செய்முறை ஆகியவற்றை, நம்மை அறியாத ஒருவர் படித்தாலும் விளங்குமாறு ஒரு குறிப்பேட்டில் எழுதுவோம். கடவுச்சொல்லையும் இரகசிய எண்ணையும் அதில் எழுத வேண்டா.

இரண்டாவதாக, பொறுப்புகளுக்குப் பெயரிடுவோம். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விடப்பட்ட பணி, எவராலும் பார்க்கப்படாத பணி. சரக்கு வாங்குபவர் இவர், வசூல் செய்பவர் இவர், அவர் இல்லாத நாளில் இன்னார் என வகுப்போம்.

மூன்றாவதாக, நாம் உள்ளபோதே இல்லாதது போல் பழகுவோம். ஆண்டில் ஒரு வாரம் கடையை அடுத்தவரிடம் விட்டு விலகி இருப்போம். எங்கே தடுமாறினார் என்பதைக் குற்றமாகப் பார்க்காமல், நாம் கற்பிக்க விட்ட பகுதியாகப் பார்ப்போம்.

நான்காவதாக, வங்கிக் கணக்குகளைச் சீர்செய்வோம். நாம் நோயுற்ற காலத்தில் கணக்கை இயக்க மற்றொருவருக்கு அதிகாரம் அளிக்கலாம்; ஆனால் அவ்வதிகாரம், கொடுத்தவர் உயிருடன் இருக்கும் வரையே செல்லும். குடும்பக் கணக்குகளை ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் கூட்டாக வைத்திருப்பது பலருக்கு உதவும். நாமினி எனப்படும் நியமனதாரரைத் தவறாமல் பதிவு செய்வோம். 2025 நவம்பர் 1 முதல் வைப்புக் கணக்குகளுக்கு நால்வர் வரை நியமிக்க இயலும். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவர். சொத்தின் உரிமையை முடிவு செய்வது வாரிசுச் சட்டமும் உயிலும் ஆகும். எனவே உயிலையும் ஒத்திப்போட வேண்டா. தம் கிளை அலுவலர்களிடம் கேட்டால் உரிய படிவங்களைப் பெற்றுக்கொள்ளலாம்.

ஹப்சிகுடாச் சாலையில் மாலை வேளையில் ஆய்வகங்களின் வாயிலிலிருந்து இளைஞர்கள் வெளிவருவதைக் காணலாம். அவர்களில் பலர் பார்கவாவையோ லால்ஜி சிங்கையோ நேரில் கண்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற மேசைகளில்தான் நாளைய பணி நடக்கிறது. அந்தக் கடை முதலாளியும் தம் முப்பது ஆண்டு அனுபவத்தை ஒரு குறிப்பேட்டிலும் இரு மனிதர்களிடத்திலும் விட்டு வைத்திருந்தால், மருத்துவமனைக் கட்டிலில் அவர் நிம்மதியாக உறங்கியிருப்பார். மறுநாள் காலையில் கடையும் வழக்கம்போல் திறந்திருக்கும்.